நற்சான்றும் அதன் எல்லையும்: ரக்பி பள்ளியும் 1864ஆம் ஆண்டு ஆய்வறிக்கையும்

முன்னுரை

பள்ளி ஒன்று ஆய்வுக்கு உட்பட்டு நற்சான்று பெறுமாயின் அதன் நிர்வாகிகள் மகிழ்வதும், பெற்றோர் நம்பிக்கை கொள்வதும், பழைய மாணவர் பெருமிதம் அடைவதும் இயல்பே. திருச்சபையின் பொறுப்பில் கல்விக்கூடங்கள் இருக்கும்வரை ஆயர்களாகிய நாமும் அம்மகிழ்ச்சியில் பங்கு பெறுகிறோம். ஆயினும் நற்சான்று என்பது எதற்குச் சான்று என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. ஆய்வாளர் எவற்றைக் கண்டார், எவற்றைக் காணும்படி அனுப்பப்பட்டார், எவற்றைக் காணவேண்டும் என்று எவரும் அவரிடம் கூறவில்லை என்பவற்றைச் சேர்த்து நோக்கும்போதுதான் ஓர் அறிக்கையின் உண்மை மதிப்பு விளங்கும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்தின் கல்வி வரலாறு பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டை அளிக்கிறது. 1861இல் நியமிக்கப்பெற்று 1864இல் அறிக்கை வெளியிட்ட கிளாரெண்டன் குழு, அந்நாட்டின் புகழ்பெற்ற ஒன்பது ஆண்கள் பள்ளிகளை ஆராய்ந்தது. அவற்றுள் மிகுந்த பாராட்டைப் பெற்றது ரக்பி. அப்பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு குருவானவர். பின்னாளில் கேன்டர்பரியின் தலைமைப் பேராயராக உயர்ந்தவர். அப்பாராட்டு எவ்வாறு கிடைத்தது, அது எவ்வளவு நியாயமானது, அதன் நிழலில் மறைந்துபோனது யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1. ஆய்வாளர் தோன்றிய வரலாறு

இங்கிலாந்தில் பள்ளி ஆய்வு பணத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1833இல் பாராளுமன்றம் முதன்முறையாக ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிக் கட்டிடம் எழுப்புவதற்கென 20,000 பவுன் ஒதுக்கியது. அத்தொகை இரு சங்கங்கள் வாயிலாக வழங்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசிய சங்கம் ஒன்று. பிற சபையாரின் ஆதரவு பெற்ற பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பள்ளிச் சங்கம் மற்றொன்று. பொதுப்பணம் செல்லும் இடத்தைப் பார்வையிட ஒருவர் வேண்டும் என்னும் நியாயத்தின்பேரில், 1839இல் அரசின் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அதன் செயலராயிருந்த ஜேம்ஸ் கே ஷட்டில்வொர்த் முயற்சியால் முதல் ஆய்வாளர் இருவர் நியமனம் பெற்றனர். ஒருவர் குருவானவராகிய ஜான் ஆலன். மற்றவர் ஹியூ டிரிமென்ஹியர்.

இவ்வேற்பாட்டைத் திருச்சபை அமைதியாக ஏற்கவில்லை. சபையின் பள்ளிக்குள் அரசின் கண் நுழைவதா என்னும் அச்சம் எழுந்தது. 1840இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இங்கிலாந்துத் திருச்சபையின் பள்ளிகளைப் பார்வையிடும் ஆய்வாளரை நியமிக்கத் தலைமைப் பேராயர்களின் இசைவு தேவை என முடிவாயிற்று. ஆகவே அப்பள்ளிகளுக்குக் குருமார்களே ஆய்வாளராகச் சென்றனர். அவ்வாண்டு வெளியிடப்பட்ட அறிவுரைகளில், ஆய்வாளர் அடக்கி ஆள்வதற்காக அன்று, உதவி செய்வதற்காகவே செல்கிறார் என்னும் கருத்து வலியுறுத்தப்பட்டது. ஆய்வு என்பதன் முதற்பொருள் துணை நிற்றல் என்பதை இங்கு மனத்திற் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அப்பொருள் எவ்வாறு மாறியது என்பதைக் கீழே காண்போம்.

எனினும் இந்த ஏற்பாடு முழுவதும் ஏழைகளின் பள்ளிகளுக்கே உரியதாயிருந்தது. செல்வர் பயின்ற பழம்பெரும் பள்ளிகள் அரசிடம் மானியம் பெறவில்லை. ஆதலின் அரசின் ஆய்வாளரும் அவற்றின் வாயிலை மிதிக்கவில்லை.

2. ஒன்பது பள்ளிகளும் ஏழு ஆணையரும்

ஈட்டன், வின்செஸ்டர், வெஸ்ட்மின்ஸ்டர், சார்ட்டர்ஹவுஸ், புனித பவுல் பள்ளி, மெர்ச்சன்ட் டெய்லர்ஸ், ஹாரோ, ரக்பி, ஷ்ரூஸ்பரி ஆகிய ஒன்பதும் 'பப்ளிக் ஸ்கூல்' என வழங்கப்பெற்றன. 'பொதுப் பள்ளி' என்னும் அப்பெயரைக் கேட்டு நாம் மயங்கலாகாது. அவை அரசின் பள்ளிகள் அல்ல. அறக்கட்டளையாலும் கட்டணத்தாலும் நடைபெற்ற சுதந்தரப் பள்ளிகள். 1861இல் இவ்வொன்பது பள்ளிகளின் தலைமையாசிரியரும் குருப்பட்டம் பெற்றவர்களாகவே இருந்தனர் என்பது நாம் கருதத்தக்கது. பள்ளித் தலைமை என்பது அக்காலத்தில் திருப்பணியின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டது. நல்ல தலைமையாசிரியர் பேராயராக உயர்வது பலர் கண்ட வழக்கம்.

1860ஆம் ஆண்டையொட்டி இப்பள்ளிகள்மீது, குறிப்பாக ஈட்டன்மீது, பத்திரிகைகளில் கடுங்கண்டனம் எழுந்தது. அறக்கட்டளையின் வருமானம் எங்கே செல்கிறது? இத்தனை ஆண்டுகள் பயின்ற மாணவன் இறுதியில் கற்றது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண அரசு ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. கிளாரெண்டன் பிரபு தலைமையில் எழுவர் அதில் இடம்பெற்றனர். குழுவினர் அச்சிட்ட வினாத்தாள்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினர். ஒவ்வொரு பள்ளிக்கும் நேரிற் சென்றனர். ஆசிரியர், பழைய மாணவர் முதலியோரிடம் வாய்மொழிச் சாட்சியம் பெற்றனர். 1864இல் நான்கு தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது.

அறிக்கை ஒளிவு மறைவின்றிக் குறைகளைச் சுட்டியது என்பதை மறுக்க இயலாது. கிரேக்கமும் இலத்தீனும் நேரம் முழுவதையும் விழுங்கிவிட்டன. இயற்கை அறிவியலோ நாட்டின் உயர்குடியினர் கல்வியிலிருந்து ஏறக்குறைய விலக்கப்பட்டிருந்தது. பத்தொன்பது வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் சராசரி இளைஞன், தான் ஆண்டுக்கணக்கில் பயின்ற இலத்தீனில் எளிய பகுதியையும் அகராதியின்றிப் பொருள்கொள்ள இயலாதவனாயும், நாட்டு வரலாறும் நிலநூலும் அறியாதவனாயும், தன் தாய்மொழியையே பிழையின்றி எழுதத் தடுமாறுபவனாயும் இருப்பானாயின் அவனது அறிவுக் கல்வி தோல்வியே என்று குழுவினர் கருதினர். ஈட்டனின் தலைமையாசிரியர் பால்ஸ்டனிடம், பிற பாடங்கள் அனைத்தையும் பலியிட்டும் செம்மொழிப் புலமையேனும் வாய்க்கவில்லையே என்று கிளாரெண்டன் பிரபு வினவியபோது, அதற்காக வருந்துகிறேன் என்னும் அளவிலேயே அவர் மறுமொழி நின்றது.

இவ்வளவு குறை கண்ட அதே குழு இப்பள்ளிகளின் ஒழுக்கப் பயிற்சியை மனமாரப் புகழ்ந்தது. பிறரை ஆளவும் தம்மைத்தாம் அடக்கவும் வல்ல ஆற்றல், சுதந்தரத்தை ஒழுங்கோடு இணைக்கும் திறம், பொதுநல உணர்வு, உடலுரம் ஆகியவற்றை இப்பள்ளிகளே ஆங்கிலேயருக்கு ஊட்டின என்பது அவர்தம் முடிவு. சென்ற தலைமுறையைவிடப் பள்ளிகளில் சமயப் போதனை மேம்பட்டிருந்தது என்றும், பிரம்படி குறைந்திருந்தது என்றும் அவர்கள் கண்டனர்.

3. ரக்பி பெற்ற பாராட்டு

ஒன்பது பள்ளிகளிலும் ரக்பியைப் பற்றிய பகுதியே மிகுந்த நிறைவுடன் எழுதப்பட்டது எனலாம். அதற்குக் காரணங்கள் இருந்தன.

முதலாவது, தாமஸ் ஆர்னால்டு இட்ட அடித்தளம். 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராயிருந்த அவர், பள்ளிச் சிற்றாலயத்தைக் கல்வியின் மையமாக்கினார். உயர் வகுப்பு மாணவரைத் தம் பொறுப்பில் பங்காளிகளாக்கினார். ஒழுங்கைக் காவலால் மட்டுமன்றி நம்பிக்கையாலும் காக்க முயன்றார். அவரிடம் பயின்றவர்களும் பணியாற்றியவர்களும் பிற பள்ளிகளுக்குத் தலைவராகச் சென்றதால் ரக்பியின் முறை நாடெங்கும் பரவியது. 1857இல் வெளிவந்த தாமஸ் ஹியூஸின் 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' என்னும் கதை அப்பெயரை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுசென்றது.

இரண்டாவது, 1858இல் பொறுப்பேற்ற ஃபிரெடெரிக் டெம்பிள். இவருடைய வரலாறு வழக்கமான தலைமையாசிரியரின் வரலாறு அன்று. வறுமையை அறிந்து வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் பயின்றவர். பின்னர் ஏழையர் விடுதிகளிலுள்ள சிறுவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரைப் பயிற்றுவிப்பதற்கென அமைந்த நெல்லர் ஹால் என்னும் நிறுவனத்தின் முதல்வராகப் பணியாற்றியவர். அந்நிறுவனம் நிலைபெறவில்லை. அதன்பின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளின் அரசு ஆய்வாளரானார். எனவே, ஆய்வு செய்பவனின் நாற்காலியிலும் ஆய்வுக்குட்படுபவனின் நாற்காலியிலும் அமர்ந்த அனுபவம் அவருக்கு இருந்தது.

ஆர்னால்டின் பெருமையைக் காத்ததோடு டெம்பிள் நிற்கவில்லை. ஜேம்ஸ் மாரிஸ் வில்சன் போன்ற இளம் ஆசிரியரைக் கொண்டு கணிதத்தையும் இயற்கை அறிவியலையும் வளர்த்தார். மற்றப் பெரும்பள்ளிகள் அறிவியலை எப்போதாவது நிகழும் சொற்பொழிவாக வைத்திருந்த காலத்தில், ரக்பியில் மாணவன் நவீன மொழிக்கு மாற்றாக அதனை முறையான பாடமாகத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. கணிதம், ஒரு நவீன மொழி, அறிவியலில் ஒரு பிரிவு, ஓவியம் அல்லது இசை ஆகியவை எல்லா மாணவருக்கும் வேண்டும் என்று குழு இறுதியில் பரிந்துரைத்தபோது, அது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எவரும் தள்ளிவிட இயலாதபடி ரக்பியின் சான்று முன்னின்றது.

மூன்றாவது, தலைமையாசிரியரின் நேர்மை. டெம்பிள் கடுமையானவர், கனிவாகப் பேசும் இயல்பினர் அல்லர். அவர் மிருகந்தான், ஆனால் நீதியுள்ள மிருகம் என்று மாணவன் ஒருவன் சொன்னதாக ஒரு செய்தி நெடுங்காலம் வழங்கி வந்தது. பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து இதனினும் உயர்ந்த நற்சான்று எந்த ஆசிரியருக்கும் கிடைப்பது அரிது.

4. அதே ஆண்டில் மற்றொரு தீர்ப்பு

வரலாறு சில வேளைகளில் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்து நம்மைச் சிந்திக்க அழைக்கிறது. ரக்பியைப் புகழ்ந்த அறிக்கை வெளிவந்த 1864ஆம் ஆண்டிலேயே, கேன்டர்பரி மாகாணக் குருமார் பேரவை 'எஸ்ஸேஸ் அண்ட் ரிவியூஸ்' என்னும் நூலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1860இல் எழுவர் எழுதி வெளியான அந்நூலின் முதற்கட்டுரை டெம்பிள் எழுதியதே. மனித இனம் இறைவனால் படிப்படியாகக் கல்வி பெறுகிறது என்பது அதன் கருத்து. பிறர் எழுதிய கட்டுரைகளே பெரும் புயலை எழுப்பின. எனினும் ஒரே நூலில் இடம்பெற்றமையால் டெம்பிளும் அப்புயலில் நின்றார்.

இளைஞரை இவரிடம் ஒப்படைக்கலாமா என்று சபையினர் பலர் ஐயுற்ற அதே வேளையில், இளைஞர் இவரிடம் நன்கு வளர்கின்றனர் என்று அரசின் குழு சான்றளித்தது. 1869இல் அவர் எக்ஸிட்டர் பேராயராக நியமிக்கப்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் கிளம்பியது. கூச்சலுக்குப் பணிந்து தம் கட்டுரையைக் கைவிட்டார் என்னும் பெயர் வாராதபடி அவர் அப்போது அமைதி காத்தார். பேராயராகத் திருநிலை பெற்ற பின்னரே அக்கட்டுரையை இனி வெளியிடுவதில்லை என அறிவித்தார். 1885இல் இலண்டன் பேராயராகி, 1896இல் கேன்டர்பரியின் தலைமைப் பேராயராகி, 1902இல் மறைந்தார்.

இவ்விரு தீர்ப்புகளில் எது சரி என்று உடனே கூற விழைவோம். ஆனால் இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை. பேரவை ஏட்டில் எழுதிய கருத்தைப் பார்த்தது. ஆணைக்குழு பள்ளியில் நடந்த பணியைப் பார்த்தது. பேரவையார் ரக்பிக்குச் சென்று பார்க்கவில்லை. ஆணையரோ இறையியலை ஆராயவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு சாளரம் உண்டு. அச்சாளரத்துக்கு வெளியே உள்ளதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இவ்வுண்மை ரக்பியின் நற்சான்றுக்கும் பொருந்தும்.

5. லாரன்ஸ் ஷெரிஃப்பின் விருப்பம்

ரக்பி பள்ளியை நிறுவியவர் லாரன்ஸ் ஷெரிஃப் என்பவர். இலண்டனில் மளிகை வணிகம் செய்து பொருளீட்டியவர். 1567இல் மறைந்தபோது, தாம் பிறந்த ரக்பியையும் அதனையடுத்த பிரௌன்ஸோவரையும் சேர்ந்த பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றும், வறியவர் நால்வருக்குத் தங்குமிடமும் அமையும்படி சொத்து விட்டுச் சென்றார். அச்சொத்தில் இலண்டனுக்கு வெளியே இருந்த ஏறத்தாழ 8 ஏக்கர் நிலமும் அடங்கும். நகரம் வளர்ந்து அந்நிலத்தைச் சூழ்ந்துகொண்டபோது அதன் வாடகை பன்மடங்கு பெருகியது. ஒரு சிற்றூர்ப் பள்ளி நாடறிந்த பள்ளியாக வளர்ந்ததற்கு அப்பெருக்கமே அடிப்படை.

பள்ளி வளர வளர, வெளியூரிலிருந்து கட்டணம் செலுத்தி விடுதியில் தங்கிப் பயின்ற மாணவர் பெரும்பான்மையாயினர். ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை சட்டப்படி நிலைத்திருந்தது. ஆயினும் அவ்வுரிமையைப் பெறுவதற்கென்றே வசதியுள்ள குடும்பங்கள் ரக்பியில் வந்து குடியேறின. கிரேக்கமும் இலத்தீனுமே பாடமாக இருந்த பள்ளியில் ஊரின் சிறுவணிகர், கைவினைஞர் மக்களுக்குப் பயன் சிறிதே. ஹாரோவிலும் இதே நிலை. 1572இல் ஜான் லயன் என்னும் உழவர் தம் ஊர்ப் பிள்ளைகளுக்காக நிறுவிய பள்ளி, பிரபுக்களின் பள்ளியாக மாறியிருந்தது.

கிளாரெண்டன் குழு இந்நிலையை அறியாமல் இல்லை. ஆனால் அது கண்ட தீர்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஊராரின் தனியுரிமையைப் படிப்படியாக நீக்கி, அந்த உதவித்தொகைகளைப் போட்டித் தேர்வின் வாயிலாக எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்றது. எல்லாருக்கும் திறந்த கதவு என்பது கேட்க இனியதே. ஆனால் அத்தேர்வுக்குத் தன் மகனைப் பல ஆண்டுகள் ஆயத்தம் செய்ய எவரால் இயலும்? தனியாசிரியருக்கும் ஆயத்தப் பள்ளிக்கும் பணம் செலுத்த வல்லவரால் மட்டுமே இயலும். வறுமையை நீக்குவதற்கென எழுதப்பட்ட அறக்கட்டளை, தகுதியைப் போற்றுவது என்னும் நல்ல பெயரோடு வசதியுள்ளவர் கைக்கு மாறியது. 1382இல் வின்செஸ்டரும் 1440இல் ஈட்டனும் எழுபது ஏழை மாணவருக்கென நிறுவப்பட்டவை என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஊரார் எதிர்த்தனர். எனினும் 1868ஆம் ஆண்டின் பப்ளிக் ஸ்கூல்ஸ் சட்டம் நிறைவேறியது. புனித பவுல் பள்ளியும் மெர்ச்சன்ட் டெய்லர்ஸும் நீங்கலாக ஏழு பள்ளிகளுக்கு அது புதிய ஆட்சிக் குழுக்களை அமைத்தது. அவை புதிய விதிகளை இயற்றின. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈடாகத் தாழ்நிலைப் பள்ளி ஒன்று தனியே ஏற்படுத்தப்பட்டது. ஹாரோவில் 1876இல் ஜான் லயன் பெயராலும், ரக்பியில் 1878இல் லாரன்ஸ் ஷெரிஃப் பெயராலும் அப்பள்ளிகள் தொடங்கின. நிறுவியவரின் பெயர் சிறிய பள்ளிக்கும், அவரது பள்ளி பெரியவர்க்கும் உரியனவாயின என்று சொன்னால் மிகையாகாது.

இம்மாற்றத்தைச் செய்தவர்கள் தீயவர் அல்லர் என்பதே இங்கு நாம் அஞ்சத்தக்க செய்தி. டெம்பிள் ஏழைகளை மறந்தவர் அல்லர். நெல்லர் ஹாலில் அவர்களுக்காகவே உழைத்தவர். ஆணையரும் நேர்மையானவர்கள். ஆனால் அவர்களுக்கு அளிக்கப்பட்ட வினா, இப்பள்ளிகள் தம்மிடம் வரும் மாணவருக்கு நன்கு கற்பிக்கின்றனவா என்பது. வரவேண்டியவர் யார், வராதவர் யார், வரும் உரிமை இருந்தும் வெளியே நிற்பவர் யார் என்பன அவ்வினாவின் விளிம்பிலேயே நின்றுவிட்டன.

6. ஏழைக்கு வேறு அளவுகோல்

இதே காலத்தில் ஏழைச் சிறுவர் பள்ளிகளில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். 1858இல் நியமிக்கப்பட்ட நியூகாசில் குழு தொடக்கக் கல்வியை ஆராய்ந்து 1861இல் அறிக்கை அளித்தது. அதன்பின் ராபர்ட் லோ 1862இல் திருத்திய விதிகளைக் கொண்டுவந்தார். வருகைக்கென ஒரு தொகை நீங்கலாக, ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங் மானியம். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒவ்வொரு தோல்விக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். ஆசிரியரின் ஊதியம் பிள்ளையின் நாவில் தொங்கியது. துணை நிற்கச் சென்ற ஆய்வாளர், கணக்கெழுதும் தணிக்கையாளரானார்.

இம்முறையைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் மேத்யு ஆர்னால்டு. ரக்பியின் தாமஸ் ஆர்னால்டின் மகன். 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளர். தம் வேலைக்கு ஆபத்து நேரக்கூடும் என்று அறிந்தும் 1862இல் இம்முறைக்கு எதிராகக் கட்டுரை வெளியிட்டார். தேர்வில் காட்டுவதற்கென மனப்பாடம் செய்விக்கும் பள்ளியில் பிள்ளையின் அறிவு வளராது, ஆசிரியரின் ஆர்வமும் மடியும் என்பது அவர் கண்ட உண்மை. தந்தையின் பள்ளி புகழுரை பெற்ற அந்த ஆண்டுகளில், மகன் ஏழைகளின் பள்ளிகளில் நின்று இம்முறையின் தீமையை நேரிற் கண்டுகொண்டிருந்தார்.

ஒரே நாடு, ஒரே திருச்சபை, ஒரே பத்தாண்டு. ஆயினும் செல்வர் பள்ளியில் ஆணையர் தலைமையாசிரியரோடு அமர்ந்து உரையாடி, ஒழுக்கத்தையும் ஆளும் ஆற்றலையும் மதிப்பிட்டனர். ஏழையர் பள்ளியில் ஆய்வாளர் மூன்று பாடங்களை அளந்து காசைக் கழித்தார். ஒருவன் ஆள்வதற்குத் தகுதியுடையவனா என்று கேட்கப்பட்டான். மற்றவன் எழுத்துக் கூட்டத் தெரிந்தவனா என்று கேட்கப்பட்டான். அளவுகோல் எதை அளக்கிறதோ அதுவே அப்பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுவது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இவ்வலை நம் கரையையும் தொட்டது. 1854இல் சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதத்தின்படி, ஆய்வுக்கு உட்படும் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை இந்தியாவில் ஏற்பட்டது. ஆய்வாளர் பள்ளியின் சமயப் போதனையில் தலையிடலாகாது என்பதும் அதன் விதி. சென்னை மாகாணத்தில் மிஷன் பள்ளிகள் பெருகுவதற்கு அம்மானியம் பெரிதும் உதவியது. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் முறையும் இங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் பின்னர்க் கையாளப்பட்டது.

7. பிற்கால வளர்ச்சி

1869இல் அறக்கட்டளைப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தபோது, அரசின் கை தம்மீது படியுமோ என்று அஞ்சிய தலைமையாசிரியர் சிலர், அப்பிங்காம் பள்ளியின் எட்வர்டு திரிங் அழைப்பின்பேரில் கூடினர். தலைமையாசிரியர் மாநாடு என்னும் அமைப்பு அதிலிருந்து தோன்றியது. இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் சுதந்தரப் பள்ளிகளும் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்பட வேண்டும் என்று விதித்தது. அப்பகுதி 1957இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்துக்குத் திருச்சபையின் ஆதரவைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் வில்லியம் டெம்பிள். ரக்பியில் பயின்றவர், ஃபிரெடெரிக் டெம்பிளின் மகன், தந்தையைப் போன்றே கேன்டர்பரியின் தலைமைப் பேராயர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வி என்னும் அச்சட்டத்தின் நோக்கத்தில், 1868இல் விடுபட்ட வினாவுக்கு ஒரு தாமதமான விடை இருந்தது எனலாம்.

1992இல் ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வு அலுவலகம் ஏற்பட்ட பின், பள்ளியின் தரத்தை ஒரே சொல்லில் முடித்துக் கூறும் வழக்கம் வேரூன்றியது. அச்சொல்லின் பாரம் ஆசிரியர்மீதும் தலைமையாசிரியர்மீதும் எவ்வளவு கொடிதாக இறங்கக்கூடும் என்பது 2023இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச்சொல் தீர்ப்பு நீக்கப்பட்டது. சுதந்தரப் பள்ளிகள் பலவற்றை ஆராயும் தனி அமைப்பும் 2023இலேயே தரச் சொற்களைக் கைவிட்டு, விதிக்கப்பட்ட நெறிகள் நிறைவேறுகின்றனவா என்று விளக்கி எழுதும் முறைக்கு மாறியது. 1840இன் அறிவுரைகளில் இருந்த துணை நிற்றல் என்னும் பழைய பொருளை நோக்கி ஆய்வு மீண்டும் திரும்ப முயல்கிறது என்று கொள்ளலாம்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து ஆய்வு வேண்டா என்னும் முடிவுக்கு வருவது தவறாகும். கிளாரெண்டன் குழு சென்றிராவிடில், ஈட்டனின் குறைகள் மூடியே கிடந்திருக்கும். ரக்பியின் அறிவியல் வகுப்பு பிற பள்ளிகளுக்கு முன்மாதிரி ஆகியிராது. பாராட்டு பொய் என்பதும் தவறு. ரக்பி அதற்குத் தகுதியுடையதாகவே இருந்தது. நல்லதை நல்லது என்று பொதுவில் கூறுவது நீதியின் ஒரு பகுதி. உழைத்த ஆசிரியருக்கு அது உரியது.

ஆனால் நற்சான்று வந்த நாளில்தான் ஒரு நிறுவனம் அதிக விழிப்போடு இருக்க வேண்டும். கண்டனம் நம்மைத் தேடத் தூண்டுகிறது. பாராட்டு தேடுவதை நிறுத்தச் செய்கிறது. திருவெளிப்பாட்டில் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு அனுப்பப்பட்ட கடிதங்களை இறையியல் மாணவர் அறிவர். அவற்றில் பாராட்டு மனமாரத் தரப்படுகிறது. ஆனால் எபேசுவைப் போன்ற உழைப்பில் சிறந்த சபையும் அப்பாராட்டோடு விடப்படுவதில்லை. உயிருள்ளது என்று பெயர் பெற்ற சபையும் கடுமையான சொல்லைக் கேட்டது.

ஆகவே பள்ளிப் பொறுப்பிலிருக்கும் ஆயர், ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் அதனோடு அறக்கட்டளை ஆவணத்தையும் எடுத்து அருகில் வைத்துப் படிப்பது நன்று. இப்பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது? அவர்களின் பிள்ளைகள் இன்று எந்த வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர்? நம் சேர்க்கை முறை யாரை உள்ளே அழைக்கிறது, யாரை மரியாதையாக வெளியே நிறுத்துகிறது? இவ்வினாக்களை எந்த அரசின் ஆய்வாளரும் நமக்காகக் கேட்கமாட்டார்; அவை அவருக்குத் தரப்பட்ட படிவத்தில் இல்லை. அவற்றைக் கேட்பது சபைக் குழுவின் கடமை. பள்ளிக் கதவுக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் பெயரை அறிந்தவர்கள் அந்த ஊரின் ஆயரும் சபையாருமே.